காணாத ஏடு



தஞ்சை நாட்டில் கடைமடையில் நிலம் வைத்திருக்கும் உழவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். முறைநாள் வந்தும் அவன் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. அவன் என்ன செய்கிறான்? வரப்பில் உட்கார்ந்து விதியை நோவதில்லை. தண்ணீர் வந்துவிட்டதாகப் பாவித்துக்கொண்டு காய்ந்த சேற்றில் நாற்றை ஊன்றுவதும் இல்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேல்நோக்கி நடக்கிறான். தன் வயல் மடை, கிளை வாய்க்கால், பெரிய வாய்க்கால், மதகு, ஆற்றின் தலைப்பு என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே செல்கிறான். எங்கே அடைபட்டது என்பதைக் கண்ட பிறகே திரும்புகிறான்.

நூல்களோடு பழகுவோர்க்கும் இத்தகைய நிலை நேர்வதுண்டு. ஆர்வத்தோடு படித்துச் செல்கிறோம். நடுவே ஓர் ஏடு இல்லை. முன்னேட்டின் கடைசிச் சொல் முடியாமல் நிற்கிறது. அடுத்த ஏட்டின் முதற்சொல் அதனோடு பொருந்தவில்லை. இடையில் இருந்தது எங்கே போயிற்று? அது கிடைக்காவிடின் நாம் செய்யத் தக்கது யாது? இவ்வினாவிற்குக் காவிரிக் கரையில் வாழ்ந்த பெரியோர் சிலர் தம் உழைப்பாலேயே விடை கூறிச் சென்றிருக்கின்றனர். அந்த விடையைத்தான் இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஏடு என்பது எவ்வாறு இருந்தது என்பதை அறிந்துகொள்வோம். பனையோலையைப் பதப்படுத்தி, ஓர் அளவாக நறுக்கி, எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டி அதன்மேல் மையோ மஞ்சளோ தடவினார்கள். ஓலைகளில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினார்கள். அதுவே சுவடி. ஏட்டின் இடப்புற ஓரத்தில் தமிழெண்ணால் ஏட்டெண் எழுதப்பெற்றது. கயிறு அறுந்தால் ஏடுகள் கலையும். ஓரம் உதிர்ந்தால் எண்ணும் உதிர்ந்து போகும். கறையான், பூச்சி, ஈரம், நெருப்பு என்று அதற்குப் பகை பல. எவ்வளவு பேணினும் ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாது. ஆகவே, பழைய ஏடு சிதையுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏடு எழுதிக்கொள்வது அக்காலத்தார் கடமையாக இருந்தது.

ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று பழுதான ஏடுகளைக் காவிரியில் விடும் வழக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கலாம். புதிய படி எழுதிய பின் பழையதை ஆற்றில் விடுவதாயின் அதில் குறை ஒன்றும் இல்லை. முதுமை எய்திய ஒன்றை மரியாதையோடு வழியனுப்பியதாகும். ஆனால், காலப்போக்கில் எழுதும் கடமையை மறந்து, ஆற்றில் விடும் சடங்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோர் பலர். திருஞானசம்பந்தர் இட்ட ஏடு வைகையாற்றில் எதிரேறிச் சென்றது என்று புராணம் கூறும். எல்லா ஏடுகளும் அவ்வாறு எதிரேறுவதில்லை. பெரும்பாலானவை வெள்ளத்தோடு கடலுக்கே போயின.

இனி, ஏடு ஒன்று காணவில்லை என்றால் செய்ய வேண்டிய முதற்செயல் எது? அது காணவில்லை என்பதை உறுதியாக அறிவது. இது நகைப்புக்கு இடமானதாகத் தோன்றலாம். ஆனால், இழப்பு நேர்ந்ததையே அறியாமல் படித்துச் செல்வோர் எத்தனை பேர்! ஏட்டெண் தொடர்கிறதா, யாப்பு இடையில் முறிகிறதா, எதுகை பொருந்துகிறதா, அந்தாதியாயின் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் முதலாக அமைகிறதா என்றெல்லாம் பார்த்தால்தான் இடைவெளி வெளிப்படும். பாடல்களை எண்ணிக் கணக்கு வைத்த நம் முன்னோரின் வழக்கமும் இதற்குத் துணை செய்கிறது. ஐங்குறுநூறு பத்துப் பத்துப் பாடல்களாகப் பகுக்கப்பெற்ற நூல். அதில் 121ஆம் பாட்டு முதல் அமைந்த பத்தில் எட்டுப் பாடல்களே உள்ளன. 129, 130 ஆகிய இரண்டும் இல்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் இல்லை. நற்றிணையில் 234ஆம் பாட்டு இல்லை. பத்து என்றும் நானூறு என்றும் கணக்கு இருந்ததனால் அன்றோ இவை இல்லாமையை நாம் அறிகிறோம்? எண்ணாதவனுக்கு இழப்பும் தெரியாது.

இரண்டாவது செயல், வேறு படி தேடுவது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரே வாய்க்காலில் பாயும் இரண்டு வயல்களில் ஒன்று காய்ந்தால் மற்றொன்றும் காயும். அதுபோல, ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதிய படிகள் பத்து இருந்தாலும், மூலத்தில் இல்லாத ஏடு பத்திலும் இராது. ஆகவே தேடுவோன் படிகளின் எண்ணிக்கையை மட்டும் கருதுதல் ஆகாது. அவை எந்த வழியில் வந்தவை என்பதையும் ஆராய வேண்டும். வேறு ஊரில், வேறு மடத்தில், வேறு மரபினர் காத்த ஒரே ஒரு படி, ஒரு வழியில் வந்த பத்துப் படிகள் தராததைத் தந்துவிடும்.

இந்த உண்மையைத் தம் அனுபவத்தில் கண்டவர் டாக்டர் உ.வே. சாமிநாதையர். பழைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர்; 1855ஆம் ஆண்டில் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார் அவரை நோக்கி, என்னென்ன நூல்களைப் படித்திருக்கின்றீர்கள் என்று கேட்டார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் முதலியவற்றை வரிசையாகச் சொன்னார். அவற்றைக் கேட்ட முதலியார் வியப்படையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அதனைப் படித்ததில்லை. அந்த ஒரு வினா அவர் வாழ்க்கையின் போக்கையே மாற்றிவிட்டது. சிந்தாமணி 1887ஆம் ஆண்டிலும், பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894ஆம் ஆண்டிலும் அவர் முயற்சியால் அச்சேறின.

பத்துப்பாட்டில் ஒன்று குறிஞ்சிப்பாட்டு, கபிலர் பாடியது, 261 அடிகளை உடையது. தலைவியும் தோழியும் மலைச்சாரலில் பறித்துக் குவித்த மலர்களின் பெயர்களை அடுக்கிச் செல்லும் பகுதி அதன் தனிச்சிறப்பு. ஏறத்தாழ நூறு மலர்களின் பெயர்கள் அங்கே வருகின்றன. ஐயருக்குக் கிடைத்த ஏடுகளில் அப்பகுதியில் சில மலர்களின் பெயர்கள் இல்லாமல் போயிருந்தன. அவர் நினைத்திருந்தால் அந்த இடத்தை நிரப்பியிருக்க முடியாதா? மலர்ப் பெயர்களுக்குத் தமிழில் பஞ்சமா? யாப்பமைதி கெடாமல் நான்கு மலர்களைக் கோத்து வைப்பது அவரைப் போன்ற புலவருக்கு அரிய செயலா? அவர் அதனைச் செய்யவில்லை. தேடிக்கொண்டே இருந்தார். முடிவில் மாயூரத்தை அடுத்த தருமபுர ஆதீனத்துச் சுவடிகளிலிருந்து அந்தப் பகுதி அவருக்குக் கிடைத்தது. உதிர்ந்து போன மலர்கள் மீண்டும் தம் கொம்பில் வந்து அமர்ந்தன. அவர் தம் கற்பனை மலர்களைச் சூட்டியிருந்தால், கபிலர் கண்ட மலர்களைத் தேடும் எண்ணமே அவர்க்கும் தோன்றியிராது, நமக்கும் தோன்றியிராது.

வேறு படியும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது மூன்றாவதாகச் செய்யத்தக்கது, அந்நூலைப் படித்தவர்கள் எழுதி வைத்தவற்றில் தேடுவது. நூல் மறைந்தாலும் அதிலிருந்து மேற்கோளாக எடுத்தாளப்பெற்ற பகுதிகள் மறையாமல் இருக்கலாம். தமிழ் உரையாசிரியர்கள் இவ்வகையில் நமக்குச் செய்துள்ள உதவி சொல்லுந்தரமன்று. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆயினும் அவற்றைச் சேர்ந்தவை எனக் கருதத்தக்க சில பாடல்கள் தொல்காப்பிய உரையிலும் புறத்திரட்டு என்னும் தொகை நூலிலும் காணப்படுகின்றன. பரிபாடல் 70 பாடல்களைக் கொண்டது என்பர். இன்று பதிப்புகளில் நாம் காண்பவை 22 பாடல்களும், உரைகளிலிருந்தும் புறத்திரட்டிலிருந்தும் திரட்டிய சில உறுப்புகளுமே. முத்தொள்ளாயிரம் என்னும் நூலின் பெயரே அதன் பெருமளவைக் காட்டும். எஞ்சியவை நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள். அவற்றையும் காத்துத் தந்தது புறத்திரட்டே. தொகுத்தவர் யாரென்று அதில் குறிப்பில்லை. தம் பெயரை எழுதி வைக்காத அந்தப் பெருந்தகை, எத்தனையோ புலவர்களின் சொற்களைக் காத்து வைத்தார்.

இதனை மறுதலையாகவும் பார்க்கலாம். சிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் பல மேற்கோள்களை நூற்பெயர் கூறாமலே தந்து செல்கிறார். அவை எந்த நூலைச் சேர்ந்தவை என்பது சாமிநாதையர்க்கு முதலில் விளங்கவில்லை. பிற்பாடு திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளை ஆராய்ந்தபோது, எட்டுத்தொகையையும் பத்துப்பாட்டையும் சேர்ந்த நூல்கள் வெளிப்பட்டன. அம்மேற்கோள்கள் அவற்றில் இருப்பதைக் கண்டார். இல்லாத ஒன்றைத் தேடும் மனத்தோடு சென்றதனால்தான், அவ்வேடுகளைப் பிரித்த அளவில் அவற்றின் அருமையை அவரால் உணர முடிந்தது. அச்சுவடிகள் அவருக்கு முன்னும் அங்கேயே இருந்தன. அவற்றுக்கு உரிய வினாவோடு வந்தவர்தாம் இல்லை.

நான்காவதாக, மக்களிடம் தேட வேண்டும். சிந்தாமணி சமண சமயச் சார்புடைய காப்பியம். அதனைப் பயின்றபோது சாமிநாதையர்க்குப் பல இடங்கள் விளங்கவில்லை. சமண சமயக் கோட்பாடுகளைக் கூறும் நூல்கள் அவரிடம் இல்லை. ஆனால், அவர் வாழ்ந்த கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்ந்தனர். அவர்கள் சிந்தாமணியைச் சமய நூலாகப் போற்றி வழிவழியாகப் படித்து வந்தனர். ஐயர் அவர்கள் இல்லங்களுக்குச் சென்று, தமக்கு விளங்காதவற்றைக் கேட்டுத் தெளிந்தார். தாம் ஒரு கல்லூரி ஆசிரியர் என்றோ, தம் சமயம் வேறு என்றோ அவர் தயங்கவில்லை. ஏட்டில் கிடைக்காதது சில வேளைகளில் அடுத்த தெருவில் ஒருவர் நெஞ்சில் இருக்கும். கேட்பதற்கு வெட்கப்படுவோன் அதனை அடைய மாட்டான்.

ஐந்தாவதாக, ஓலையைத் தேடுவோன் ஓலையில் மட்டுமே தேடுதல் கூடாது. தேவாரத்தின் வரலாறு இதற்குச் சான்று. சோழ மன்னன் தேவாரப் பதிகங்களைத் தேடியபோது, நம்பியாண்டார் நம்பியின் துணையால் அவை தில்லைக் கோயிலில் ஓர் அறையில் இருப்பதை அறிந்தான் என்றும், அவ்வறையைத் திறந்தபோது ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது என்றும், எஞ்சியவற்றையே எடுத்துத் திருமுறைகளாக வகுத்தனர் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. கறையானுக்கு இரையான பதிகங்கள் போனவை போனவையே என்று பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தனர். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள திருவிடைவாய் என்னும் ஊரின் சிவன் கோயிலில், கல்வெட்டு ஆராய்ச்சியாளர் ஒரு பதிகத்தைக் கண்டனர். அது திருஞானசம்பந்தர் பாடியது. எந்த ஏட்டிலும் இல்லாதது. கறையானுக்கு எட்டாத கருங்கல் அதனைக் காத்து வைத்திருந்தது. வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூர்க் கோயிலின் சுவர், பெரிய நூல்நிலையங்கள் தரமுடியாத ஓர் ஏட்டைத் தந்தது.

இத்தகைய நிகழ்ச்சி நம் நாட்டில் மட்டும் நடப்பதன்று. கிரேக்க நாட்டுக் கணித மேதையாகிய ஆர்க்கிமிடீசின் நூல் ஒன்று மறைந்தே போயிற்று என்று கருதியிருந்தனர். 1906ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஐபர்க்கு என்பார், கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த ஒரு பழைய வழிபாட்டு நூலை ஆராய்ந்தார். அதன் தோல் ஏடுகளில் முன்பு இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதன்மேல் வழிபாட்டுரைகளை எழுதியிருந்தனர். சுரண்டப்பட்ட எழுத்தின் மங்கிய சுவட்டிலே ஆர்க்கிமிடீசின் நூல் இருந்தது. நம் மாவட்டத்தோடு தொடர்புடைய செய்தியும் ஒன்று உண்டு. கௌடலியரின் அர்த்தசாத்திரம் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த காலத்தில், அதன் சுவடியை மைசூர் அரசினர் கீழ்த்திசை நூல்நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர். அந்நூல்நிலையத்தைச் சேர்ந்த சாமசாத்திரியார் அதனை ஆராய்ந்து 1909ஆம் ஆண்டில் வெளியிட்டார். உலகெங்கும் அறிஞர்கள் இன்று பயிலும் ஒரு நூல், காவிரி நாட்டிலிருந்து சென்ற ஒரு சுவடிக்கட்டில் உயிர் பிழைத்திருந்தது.

நண்பர்களே, இவ்வளவும் தேடியும் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? இதுவே என் பேச்சின் மையமான வினா. இங்கேதான் தேடுவோனுக்குப் பெரிய சோதனை வருகிறது. முன்னும் பின்னும் தெரிகிறது; நடுவில் மட்டும் சிறிது இடைவெளி. ‘இன்னதுதான் இருந்திருக்கும்’ என்று மனம் சொல்கிறது. எழுதி நிரப்பிவிட்டால் நூல் நிறைவாகத் தோன்றும். படிப்போர்க்கும் இடையூறு இராது. இந்தச் சோதனையில் தோற்றவர்கள் பலர். கம்பராமாயணத்தில் பிற்காலத்தார் சேர்த்த பாடல்களை வெள்ளிப் பாடல்கள் என்று புலவர்கள் கூறுவதுண்டு. எது கம்பர் வாக்கு, எது சேர்க்கை என்று பிரித்தறிவதற்கு அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. இடைவெளி ஒரு தலைமுறைக்கு மட்டும் வருத்தம் தரும். பொய்யான நிரப்பலோ பல தலைமுறைகளை மயக்கும்.

இந்தப் பாடத்தை நான் நூலில் படித்து அறிந்தேனல்லேன். பிழை செய்து அறிந்தேன். கல்லூரி மாணவனாக இருந்த காலத்தில், குடமுருட்டிக் கரையில் ஓர் ஊரில், பெரியவர் ஒருவர் இல்லத்துப் பரணில் ஒரு மருத்துவச் சுவடி இருப்பதாக அறிந்து, என் ஆசிரியரோடு சென்றேன். சுவடியை வெளியே கொடுக்க அவர் விரும்பவில்லை. ‘இங்கேயே இருந்து எழுதிக்கொள்ளுங்கள்’ என்றார். திண்ணையில் அமர்ந்து நான் படியெடுக்கத் தொடங்கினேன். ஒரு சூரணத்துக்கு உரிய சரக்குகள் வரிசையாக வந்தன. சுக்கு ஒரு பலம், மிளகு ஒரு பலம், திப்பிலி ஒரு பலம் என்று சென்றது. அடுத்து, ‘சுத்தி செய்த நாபி’ என்று இருந்தது; அதன் அளவு எழுதப்பெற்ற இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. எனக்கு ஐயமே தோன்றவில்லை. மேலே உள்ள மூன்றும் ஒரு பலம். இதுவும் ஒரு பலமாகத்தானே இருக்க வேண்டும்? ‘ஒரு பலம்’ என்று எழுதிவிட்டு மேலே சென்றேன்.

மாலையில் ஆசிரியர் என் படியை ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த வரியில் அவர் விரல் நின்றது. “தம்பி, இந்த அளவு ஏட்டில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். “ஐயா, ஏட்டில் இல்லை, முன்னே உள்ளவற்றைக் கொண்டு ஊகித்து எழுதினேன்” என்றேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “நாபி என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா?” என்றார். எனக்குத் தெரியாது. “கொடிய நஞ்சு. மிகச் சிறிய அளவில், பக்குவம் அறிந்தவர் சேர்ப்பது. நீ எழுதியதை நம்பி ஒருவன் மருந்து செய்தால், அவன் உண்பது மருந்தா, உன் ஊகமா?” என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். அவர் என் எழுத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் நான்கு புள்ளிகளை இட்டார். ஓரத்தில், ‘இங்கு அளவு குறித்த எழுத்துகள் அரிக்கப்பட்டன’ என்று எழுதச் சொன்னார். “தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் படியெடுப்பவன் கடமை” என்றார்.

அதன் பிறகு அந்தச் சூரணத்தின் அளவை வேறு சுவடிகளில் தேடினோம், கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் நான் மீண்டும் அவ்வூருக்குச் சென்றேன். பெரியவர் மறைந்துவிட்டார், வீடும் கைமாறிவிட்டது. சுவடி என்னவாயிற்று என்பதை அறிந்தவர் எவரும் இல்லை. எனக்குத் தெரிந்தவரை அந்நூலுக்கு இன்று எஞ்சியிருப்பது நான் எடுத்த படி ஒன்றே. அதில் அந்த நான்கு புள்ளிகள் இருக்கின்றன. என் ஊகம் அங்கே நின்றிருந்தால், அதனைத் தவறு என்று காட்ட இன்று உலகில் ஒரு சான்றும் இராது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் உடல் நடுங்குகிறது.

ஏட்டெழுத்தை அறிந்தோர்க்கு ஊகத்தின் ஆபத்து இன்னும் நன்றாக விளங்கும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் பெரும்பாலும் புள்ளியிட மாட்டார்கள். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவ வேறுபாடு இராது. ‘பொது’ என்பதும் ‘போது’ என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் அவ்வாறே. உள்ள எழுத்தைப் படிப்பதற்கே இத்தனை கருத்து வேண்டுமானால், இல்லாத எழுத்தை ஊகிப்பதற்கு எத்துணை அச்சம் வேண்டும்! ஊகமே கூடாது என்று நான் கூறவில்லை. ஆராய்ச்சிக்கு ஊகம் வேண்டும். ஆனால், ஊகத்தை ஊகம் என்று அடிக்குறிப்பில் எழுத வேண்டும். மூலத்தோடு கலந்துவிடுதல் ஆகாது.

புறநானூற்றுப் பதிப்பைப் புரட்டிப் பார்த்தால், பிற்பகுதியில் பல பாடல்களில் வரிகளுக்கு நடுவே புள்ளிகள் தொடர்ந்து வருவதைக் காண்பீர்கள். எழுத்துகள் சிதைந்த இடங்கள் அவை. அவசரமாகப் படிப்போர்க்கு அவை வெறும் புள்ளிகள். ஆனால் எனக்கோ, அவை அப்பதிப்பாசிரியரின் வாய்மைக்குச் சான்றாகத் தோன்றுகின்றன. ‘இவ்வளவு தேடினேன், இதற்குமேல் எனக்குக் கிடைக்கவில்லை, பின்வருவோர் தேடுக’ என்று அவை சொல்கின்றன. புள்ளியிட்ட இடம் காத்திருக்கும் இடம். குறிஞ்சிப்பாட்டு மலர்களைப் போல, என்றாவது ஒருநாள் அதற்கு உரியது வந்து சேரலாம்.

ஆகவே, கிடைக்காத ஏட்டுக்குச் செய்ய வேண்டிய கடைசிக் கடமை, அது கிடைக்கவில்லை என்பதை முறையாகப் பதிவு செய்வது. தஞ்சை அரண்மனையில் உள்ள சரசுவதி மகால் நூல்நிலையத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாயக்க மன்னர் காலத்தில் தோன்றி, மராட்டிய மன்னர்களால் வளர்ந்து, 1798ஆம் ஆண்டு முதல் 1832ஆம் ஆண்டு வரை அரசிருந்த இரண்டாம் சரபோசி மன்னரின் ஆர்வத்தால் பெருஞ்செல்வமாயிற்று. 1918ஆம் ஆண்டு முதல் பொதுமக்களும் பயன்கொள்ளும் நிலையமாக விளங்குகிறது. ஆனால், பல்லாயிரம் சுவடிகள் இருப்பதனால் மட்டும் ஒரு நூல்நிலையம் பயன் தந்துவிடாது. தஞ்சையில் மாவட்ட நீதிபதியாக இருந்த பர்னெல் என்பவர் அங்குள்ள வடமொழிச் சுவடிகளை வகைப்படுத்தி அட்டவணை ஒன்று தொகுத்து வெளியிட்டார். அவர்க்குப் பின்னும் அறிஞர் பலர் விரிவான அட்டவணைகளை ஆக்கினர். அட்டவணையில் சுவடியின் பெயரோடு, எத்தனை ஏடுகள், எவை இல்லை, எவை முறிந்தன என்பனவும் குறிக்கப்பெறும். ‘முதலும் ஈறும் இல்லை’, ‘இடையில் ஏடு குறைகிறது’ என்னும் அச்சிறு குறிப்புகளே தொலைவில் உள்ள ஓர் அறிஞரை விழிப்படையச் செய்கின்றன. தம்மிடம் உள்ள ஒற்றை ஏடு, தஞ்சைச் சுவடியில் குறையும் ஏடாக இருக்குமோ என்று அவர் எண்ணத் தொடங்குகிறார்.

1981ஆம் ஆண்டில் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை ஒன்று இயங்குகிறது. இன்று ஏடுகளைப் படம் பிடித்துக் காக்கும் வசதிகளும் வந்துவிட்டன. ஆனால், இன்னும் சுவடிகள் இருப்பது நூல்நிலையங்களில் மட்டும் அன்று. உங்கள் ஊரில், உங்கள் உறவினர் இல்லத்துப் பரணில், பழைய பெட்டியின் அடியில், பூசையறையில் ஏதேனும் ஒரு கட்டு இருக்கலாம். கண்டால், அவசரப்பட்டுக் கயிற்றை அவிழ்க்காதீர்கள். காய்ந்த ஓலை கைபட்டதும் முறியும். உரிமையாளரின் இசைவு பெற்று, பயிற்சி உடையவர்க்குத் தெரிவியுங்கள். தனியே கிடக்கும் ஒற்றை ஏட்டையும் பயனற்றதென்று எறிந்துவிடாதீர்கள். உங்கள் கையில் தலையும் காலும் இல்லாமல் இருப்பது, வேறோர் ஊரில் ஒரு சுவடியின் நடுவே இல்லாமல் இருக்கும் ஏடாக இருக்கலாம்.

சுவடியைத் தொடும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டாது. ஆயினும் இந்த ஒழுங்கு எல்லார்க்கும் வேண்டும். தேர்வுத்தாளில் விடை தெரியாத இடம் வரும். ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவு தவறிப்போகும். ஊர் வரலாறு எழுதும்போது ஓர் ஆண்டுக்கு உரிய செய்தி கிடைக்காது. அப்போதெல்லாம் முதலில் தேடுங்கள், வேறு வழியில் தேடுங்கள், தெரிந்தவரைக் கேளுங்கள், எதிர்பாராத இடத்திலும் பாருங்கள். அவ்வளவுக்குப் பின்னும் கிடைக்காவிடின், அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டு, ‘கிடைக்கவில்லை’ என்று கையெழுத்திடும் துணிவைப் பெறுங்கள்.

தொடக்கத்தில் நாம் கண்ட உழவனுக்கே திரும்புவோம். அவன் தலைப்பு வரை சென்று பார்க்கிறான். ஆற்றிலேயே நீர் இல்லை. வெறுங்கையோடுதான் திரும்புகிறான், ஆயினும் அவன் நடந்தது வீணன்று. வரும் வழியில் வாய்க்காலில் கிடந்த செத்தையை அகற்றிவிட்டு வருகிறான்; சரிந்த கரைக்கு நான்கு வெட்டு மண் போடுகிறான்; அடுத்த வயல்காரனிடம், ‘மேலே இன்னும் தண்ணீர் விடவில்லை’ என்று உண்மையைச் சொல்கிறான். ஆற்றில் நீர் வரும் நாளில், அவன் செப்பனிட்ட வாய்க்கால் வழியாகத்தான் அது எல்லார் வயலுக்கும் பாயும்.